பொறந்த ஊட்டுச் சீக்கா, புகுந்த ஊட்டுச் சீக்கா

எங்கள் நரம்பு டாக்டரம்மா நல்லவர், கெட்டிக்காரர். அவர் செய்த ஒரே தப்பு, என் அம்மாவையும் மாமியாரையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து என் நோயை விளக்கியதுதான். தனித்தனியாகச் சொல்லியிருந்தால் இரண்டு வீட்டிலும் தனித்தனியாக அழுதுவிட்டுப் போயிருப்பார்கள். ஒன்றாகக் கேட்டதால் அது வழக்காகிவிட்டது.

நோய் இதுதான். கிருமிகளோடு சண்டை போட வேண்டிய எதிர்ப்பு சக்தி, எனக்குள் ஆள் தெரியாமல் அடிக்க ஆரம்பித்துவிட்டது. 'தூக்கு', 'மெல்லு', 'விழுங்கு' என்று நரம்பு தசைக்கு உத்தரவு கொடுக்கிற இடம் ஒன்று உண்டாம். அங்கே போய் அடிக்கிறது. அதனால் காலையில் எழும்போது நான் முழு மனுஷி. பொழுது சாயச் சாய இமை தொங்கும், தாடை ஓய்ந்துபோகும், பேச்சு மூக்கு வழியாக வரும். இளவயதுப் பெண்களைத்தான் இது அதிகம் பிடிக்கிறது என்றார் டாக்டரம்மா. அதைக் கேட்டதும் என் கணவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

நெஞ்செலும்புக்குப் பின்னால் ஒரு சுரப்பி இருக்கிறது, இந்தக் காவல்படை பயிற்சி எடுக்கிற பள்ளிக்கூடம் அது, உனக்கு அந்தப் பள்ளிக்கூடமே சரியில்லை, எடுத்துவிடலாம் என்றார். ஆபரேஷனுக்குப் பிறகு சில வாரங்கள் யாராவது கூடவே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். நோய் முழுசாகப் போய்விடும் என்று சொல்ல முடியாது, ஆனால் கட்டுக்குள் வைக்கலாம். இதுவரைக்கும் எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

மாமியார் முந்தானையைச் சரிசெய்துகொண்டு கேட்டார். "ஏனுங்க டாக்டரம்மா, இது பொறந்த ஊட்டு வழியா வர்றதுங்களா?"

"ஜீன்ல ஒரு சாய்வு இருக்கலாம்" என்றார் டாக்டரம்மா, பாவம், கள்ளங்கபடம் இல்லாமல்.

மாமியார் தலையை ஆட்டினார். அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "அதெப்படிங்க? இவளுக்கு ஒரே அச்சுல வார்த்தாப்பல ஒரு அக்கா இருக்கறா. ரெண்டும் ஒரே வயித்துல ஒண்ணாப் பொறந்துதுங்க. அவ கல்லாட்டம் இருக்கறாளே!"

டாக்டரம்மாவுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. ஒரே மாதிரி இரட்டையர் என்றால் படித்தவர்களுக்கு ஏதோ தனி சந்தோஷம். "அதுதாம்மா விஷயமே! ஒரே சமையல் புத்தகம் ரெண்டு வீட்டுல இருக்குன்னு வைங்க. எழுத்து அதேதான். ஆனா எந்தப் பக்கத்தைத் திறந்து சமைக்கறாங்க, எந்தப் பக்கத்தை ஒட்டி மூடிடறாங்கங்கறது வீட்டுக்கு வீடு மாறும். ஜீன் மேலயும் அப்படி அடையாளங்கள் விழும். காய்ச்சல், புகை, தூக்கம் கெடறது, மனக்கஷ்டம், ஹார்மோன், இன்னும் நமக்கே தெரியாதது எத்தனையோ. அதனால இதுதான் காரணம்னு யார் மேலயும் பழி போட முடியாது."

அந்தக் கடைசி வாக்கியத்தை யாரும் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. அம்மா கொண்டுவந்தது இது மட்டும்: "டாக்டரே சொல்லிட்டாங்க, ஊட்டுக்கு ஊடு மாறுமாம்." அடக் கெரகமே! உவமை சொல்ல அந்த அம்மாவுக்கு வேறு எதுவுமே கிடைக்கவில்லையா?

அன்றிலிருந்து என் ஆபரேஷன் நின்றுபோனது. பிரசவம் என்றால் பிறந்த வீடு என்று எங்கள் பக்கம் வழக்கம் இருக்கிறது, சண்டைக்கே இடமில்லை. நெஞ்சைத் திறந்து சுரப்பியை எடுத்தால் எந்த வீட்டுக்குப் போவது என்று எந்த முன்னோரும் சொல்லிவைக்கவில்லை. மாமியார் கொழிஞ்சாம்பாறை வீட்டில் உட்கார்ந்து தன் கட்சியைச் சொன்னார். "சொகமாகற வரைக்கும் அம்முணி அவுங்கம்மா ஊட்டுல இருக்கட்டும். கொழந்தை இங்கயே பள்ளிக்கொடம் போகட்டும்." சுகம் முழுசாக வராது என்று டாக்டர் சொன்னதை அவரும்தான் கேட்டார். அப்படியென்றால் நான் திரும்பி வருவது எப்போது? என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். அவள் தலையை யார் பின்னிவிடுவது?

அம்மா எலப்புள்ளி வீட்டில் இருந்துகொண்டு எதிர்க்கட்சி ஆடினாள். "நான் கூட்டிட்டு வந்தா எங்க ஊட்டுச் சீக்குன்னு ஒத்துக்கிட்டாப்பல ஆயிருமல்லோ? அப்பறம் உன்னைத் திருப்பி ஏத்துவாங்களா?" அம்மாவுக்கு என் மேல் பாசம் இல்லை என்று யாரும் நினைக்கக் கூடாது. பாசம் இருந்ததால்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போகாமல் இருந்தாள். இந்த நியாயம் புரிய நீங்கள் எங்கள் பக்கம் வாழ்க்கைப்பட்டிருக்க வேண்டும். ஆகமொத்தம் அம்மா ஜெயித்தால் நான் மகளோடு இருப்பேன், தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அம்மாவிடம் இருந்த ஒரே சாட்சி மறையூரில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா. அவள் கல்லாட்டம் இருக்கும்வரை வழக்கு எங்கள் பக்கம்.

என் கணவர் என்ன சொன்னார் என்று கேட்பீர்கள். "ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணட்டும்" என்றார். எனக்கு இந்த நோயால் மாலையில்தான் வாய் ஓய்கிறது. அவருக்கு எந்த நோயும் இல்லாமலேயே நாள் முழுக்க வாய் திறக்காது.

இரண்டு வீட்டிலும் விசாரணை ஆரம்பமானது. அம்மா என் மாமியார் வீட்டுக்கு வரும்போதெல்லாம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே நுழைவாள். விறகடுப்புப் புகை, மாமனாரின் பீடிப் புகை, சாமி அறையில் ஊதுபத்திப் புகை, எல்லாம் அவள் கணக்கில் ஏறியது. போர்வெல் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு முகம் சுளிப்பாள். "விடியக்காலைல பால் சொசைட்டிக்கு ஓடி ஓடித்தான் புள்ளைக்குத் தூக்கமே இல்லாம போச்சு. அடையாளம் உழுகாம என்ன பண்ணும்?" ஜீன் மேல் விழும் அடையாளத்தை அவள் அம்மைத் தழும்பு மாதிரி பேசினாள்.

மாமியாரும் லேசுப்பட்டவர் இல்லை. ஒரு நாள் என் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டே, "ஏன் கண்ணு, சின்ன வயசுல உனக்கு அம்மை கிம்மை வாத்துச்சா?" என்று அன்பாகக் கேட்டார். நானும் மடச்சி மாதிரி, ஆமாங்க அத்தை, எனக்கு மட்டும் வார்த்தது, அக்காவுக்கு வரவே இல்லை என்று சொல்லித் தொலைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்து உட்கார்ந்ததும், "கண்ணாலத்துக்கு முன்னாலயே அடையாளம் உழுந்துருச்சுங்களே சம்பந்தி" என்று எடுத்துவிட்டார். அந்த நாளில் இருந்து அந்த வீட்டில் யார் அன்பாகப் பேசினாலும் நான் பதில் சொல்லும்முன் யோசிப்பேன்.

வெளியாட்கள் வேறு. நான் வேலை பார்க்கும் சொசைட்டியில் காலைப் பால் ஊற்ற வருகிறவர்களிடம் சிரித்துப் பேசுவேன். மாலைப் பாலுக்கு இமை தொங்கி, சிரிக்க நினைத்தால் உதடு ஒரு பக்கம் இழுத்து, பல்லைக் காட்டி உறுமுகிற மாதிரி ஆகும். மாலையில் வருவது நான் இல்லை, என் இரட்டை அக்கா என்று ஊரில் முடிவு கட்டிவிட்டார்கள். "காலைல வர்ற அம்முணி தங்கமுங்க. சாயங்காலம் வர்றவளுக்குத்தான் திமிரு" என்று என்னிடமே ஒருவர் சொன்னார். கள்ளுக்குப் பேர்போன சீமை இது. திமிர் இல்லை, அது வேறு விஷயம் என்று இன்னொருவர் கண்ணடித்தார்.

இன்னொரு கூட்டம் கஷாயத்தோடு வந்தது. கொரோனாவுக்குப் பிறகு எங்கள் ஊரில் எதிர்ப்பு சக்தியைப் பெருக்கத் தெரியாத ஆளே இல்லை. சீந்தில், நிலவேம்பு, மிளகு, பேர் தெரியாத வேர், எல்லாம் டம்ளரில் வந்தது. எனக்கு எதிர்ப்பு சக்தி குறைவு இல்லை, தலைக்கேறிப் போயிருக்கிறது, டாக்டர் அதை அடக்கத்தான் மாத்திரை தருகிறார் என்று தொண்டை ஓயும்வரை சொன்னேன். "என் ஊட்டுக் காவல்காரன் என்னையே அடிக்கறானுங்க. நீங்க அவனுக்குக் கறிச்சோறு போட்டுத் தெம்பேத்தறீங்க" என்றேன். அதற்கும் ஒருத்தி, "தெம்பு வந்தா அவனுக்குப் புத்தி வந்துருமுங்க" என்றாள். அவள் காலில் விழுந்து கும்பிடலாம் போல இருந்தது.

ஒரு கட்டத்தில் மாமியாருக்குப் பொறுமை போய்விட்டது. "கல்லாட்டம் இருக்கறா, கல்லாட்டம் இருக்கறான்னு வாயில சொன்னா ஆச்சுங்களா? பாத்துட்டு வந்துரலாமுங்க" என்றார். அம்மாவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பெண் பார்க்கப் போவது மாதிரி பழம், பூ, பலகாரம் எல்லாம் வாங்கிக்கொண்டு காரில் கிளம்பினோம். கணவர் ஓட்டினார். அம்மாவும் மாமியாரும் பின்னால், நடுவில் நான்.

பொள்ளாச்சி, உடுமலை தாண்டி, சின்னாறு செக்போஸ்டும் தாண்டி மலை ஏறியதும் அம்மா கண்ணாடியை இறக்கிவிட்டாள். "காத்தைப் பாருங்க சம்பந்தி. இந்தக் காத்துல எந்தச் சீக்கு வரும்?" கரும்புக் காடு வந்ததும் கரும்புச் சாற்றின் பெருமை. வெல்லம் காய்ச்சும் வாசம் வந்ததும் வெல்லத்தின் பெருமை. எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, தெருவைப் பார்த்தபடி, "அவளுக்கு மாமியாரும் இல்லீங்கல்ல, காலமாயிட்டாங்க" என்று முக்கியமான ஆதாரத்தையும் சேர்த்தாள். மாமியார் பல்லைக் கடித்தது எனக்குக் கேட்டது.

அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். குளித்து, பவுடர் போட்டு, பட்டுச் சேலை கட்டி, பூ வைத்திருந்தாள். "வாங்கத்தை, வாங்க, வாங்க" என்று ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துத் தனித்தனியாகச் சொன்னாள். எங்கள் பக்கம் வீடு தேடி வந்த ஒறம்பரையை வாங்க என்று கேட்காமல் விட்டால் அடுத்த தலைமுறை வரை பேச்சு வரும். குரல் கணீரென்று இருந்தது, சிரிப்பும் நேராக இருந்தது. எனக்கு அந்தச் சிரிப்பு போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கண்ணாடியில் பார்க்க முடியாத என் முகத்தை அங்கே பார்த்தேன், பொறாமையாகக்கூட இருந்தது.

மாமியார் விடவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எனக்குச் செய்த சோதனையை உட்கார்ந்து பார்த்தவர் ஆயிற்றே. "கண்ணு, இப்படி வெளிச்சத்துக்கு வா. தலையைத் தூக்காம கண்ணை மட்டும் மேல உருட்டி உத்தரத்தையே பாரு, பாக்கலாம்" என்றார். நோய் இருந்தால் கொஞ்ச நேரத்தில் இமை தானாக இறங்கிவிடும். அக்கா சிரித்துக்கொண்டே மேலே பார்த்தாள். அம்மா மாமியாரைப் பார்த்தாள். மாமியார் அக்காவின் இமையைப் பார்த்தார். நான் அக்காவின் நெற்றியைப் பார்த்தேன். அதில் கோடு கோடாகச் சுருக்கம் விழுந்திருந்தது. இமையைத் தூக்க முடியாதபோது புருவத்தைத் தூக்கி இமையை இழுத்துப் பிடிப்போம். அந்த வித்தை எனக்குத் தெரியும், தினமும் மாலைப் பாலுக்கு அதைத்தான் செய்கிறேன்.

"ஐயோ, பாயசம் பொங்குது!" என்று அக்கா உள்ளே ஓடினாள்.

"பாத்தீங்களா?" என்றாள் அம்மா.

"நல்லாத்தான் இருக்கறா" என்று மாமியார் இறங்கிவந்தார். அம்மா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். என் கணவர் நிம்மதியாக முறுக்கை எடுத்துக் கடித்தார்.

நான் எழுந்து சமையலறைக்குப் போனேன். அடுப்பில் தீயே இல்லை. அக்கா கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு கையால் தாடையைத் தாங்கிப் பிடித்திருந்தாள். இரண்டு இமையும் முக்கால்வாசி மூடியிருந்தன. வாசலில் நின்றவள் இவள்தானா என்று இருந்தது.

"எப்ப இருந்து?" என்றேன்.

"கரும்பு வெட்டத் தொடங்கறதுக்கு முன்னால இருந்து" என்றாள். கணீர்க் குரல் எங்கேயோ போய்விட்டது, மூக்கால்தான் பேசினாள். "காலைல இருந்து படுத்தே கெடந்தேன், நீங்க வர்ற வரைக்கும். ரெண்டு நாளாச் சளி வேற. சோறு எறங்க மாட்டேங்குது."

"அடிப்பாவி! டாக்டர்ட்ட போகலியா?"

"போனா தெரிஞ்சுருமல்லோ. நான் ஒருத்தி நல்லா இருக்கறதாலதானே அம்மா பேசீட்டிருக்குது. எனக்கும் வந்துருச்சுன்னா உன்ற மாமியா என்ன சொல்லுவாங்க? குடும்பத்துச் சீக்குன்னு உன்னை அனுப்பிச்சுருவாங்க. கொழந்தையை உட்டுப்போட்டு நீ எங்க போவே?" கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "உன்ற ஆபரேஷன் முடியட்டும். அதுவரைக்கும் உனக்கோசரம் எப்படியாவது பல்லைக் கடிச்சுத் தாட்டீரலாம்னு இருந்தேன்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. ஓங்கி ஒரு அறை விடலாம் என்று கை தூக்கினேன். அந்த நேரத்துக்கு என் கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. இரண்டு கிழவிகள் ஒரு டாக்டரின் பேச்சை அரைகுறையாகக் கேட்டுவிட்டுப் போட்ட சண்டைக்கு, இவள் மலை மேல் உட்கார்ந்துகொண்டு உயிரைப் பந்தயம் வைத்திருக்கிறாள். ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்ததும் தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. புரை ஏறியது. இருமப் பார்த்தாள், இருமுவதற்குக்கூட பலம் இல்லை. முகம் வெளுத்துவிட்டது.

"எல்லாரும் இங்க வாங்க!" என்று கத்தினேன். என் குரலும் அப்போது மூக்கில்தான் இருந்தது. யார் கத்தினது என்றுகூட அவர்களுக்குத் தெரிந்திருக்காது. முதலில் வந்தது மாமியார். கீழே கிடந்தவளை ஒரு பார்வை பார்த்தார், அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஒரு வருஷமாக வீட்டில் என்னைப் பார்த்தவர். பின்னால் வந்த அம்மா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, "பாயசம் பொங்குதுன்னாளே" என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அக்காவைத் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு மலை இறங்கினோம். வெல்ல ஆலையில் இருந்து ஓடிவந்த அக்காவின் வீட்டுக்காரர் முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டே வந்தார். பொண்டாட்டி களைப்பாக இருப்பதாகச் சொன்னதை அப்படியே நம்பியிருக்கிறார் மனுஷன். பின்னால் அக்காவின் தலை முன்னே சாய்ந்து சாய்ந்து விழுந்தது. தலை விழுந்தால் மூச்சு அடைக்கும். என் மாமியார் அவள் தாடையைக் கையால் தாங்கி நிமிர்த்திப் பிடித்தார். உடுமலை வரும்வரை அந்தக் கையை அவர் எடுக்கவே இல்லை. அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்து, ஆம்புலன்ஸில் கோயமுத்தூருக்கு, எங்கள் டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரிக்கே அனுப்பினார்கள். அங்கே குழாய் போட்டு மூச்சு மெஷினில் சேர்த்தார்கள்.

டாக்டரம்மா வெளியே வந்து எங்கள் எல்லாரையும் திட்டினார். இவ்வளவு நாள் எப்படிச் சும்மா இருந்தீங்க, கூடப் பிறந்தவளுக்கு இருக்குன்னு தெரியும் இல்ல, ஒரு இமை தொங்கினாலே கூட்டிட்டு வந்திருக்க வேண்டாமா என்று கேட்டார். தப்பிப்பாளா என்று அக்காவின் வீட்டுக்காரர் கேட்டார். காப்பாத்திரலாம், ஆனா நாளாகும் என்றார் டாக்டரம்மா.

அப்போது அம்மா கையைக் கூப்பினாள். "எங்க ஊட்டுதுதானுங்க டாக்டரம்மா. பொறந்த ஊட்டுச் சீக்குதானுங்க. நான் ஒத்துக்கறனுங்க. எங்க வேண்ணாலும் சொல்றனுங்க. என்ற புள்ளையைத் திருப்பிக் குடுத்துருங்க."

"நான் அப்படிச் சொல்லவே இல்லையேம்மா" என்றார் டாக்டரம்மா. திகைத்துப்போய் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். என்ன வழக்கு, எப்போது ஆரம்பித்தது என்று அவருக்கு என்ன தெரியும்? அவர் வாயால்தான் ஆரம்பித்தது என்று நான் சொல்லவில்லை.

இந்த ஒரு வார்த்தையை அம்மா வாயிலிருந்து கேட்கத்தான் மாமியார் ஒரு வருஷம் மல்லுக்கட்டினார். கிடைத்ததும் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. "அட உக்காருங்க சம்பந்தி, அழுவாதீங்க" என்று அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்தார். அப்புறம் கொஞ்ச நேரம் கணக்குப் போட்டுவிட்டு, வழக்கமான அதிகாரக் குரலில் சொன்னார். "நீங்க பெரியவளைப் பாருங்க. ரெண்டு பேத்தையும் ஒரு ஆளு பாக்க முடியாதுங்க. சின்னவளுக்கு ஆபரேஷன் ஆனதும் எங்க ஊட்டுக்கே கூட்டிட்டுப் போறேன்." இவ்வளவுதான் தீர்ப்பு. ஜீனும் இல்லை, அடையாளமும் இல்லை, ஆள் பற்றாக்குறை. என் கணவர் சரி என்று தலையாட்டினார், யாரும் அவரைக் கேட்கவில்லை.

அடுத்த நாள் காலையில் என்னை மட்டும் உள்ளே விட்டார்கள். காலை நேரம் என்பதால் என் கண் நன்றாகத் திறந்திருந்தது. அக்காவின் வாயில் குழாய், பேச முடியாது. இமைகளைத் திறக்க அவளால் முடியவில்லை, ஆனால் முழித்துத்தான் இருந்தாள். நான் கையைத் தொட்டதும் புருவத்தை மட்டும் தூக்கினாள். என்ன கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். சாகக் கிடக்கிறவள், கேட்கிற கேள்வியைப் பார்!

அவள் காதருகில் குனிந்தேன். "நான் கொழந்தைகிட்டத்தான் போறேன், அத்தையே சொல்லீட்டாங்க. கேசு முடிஞ்சுது அக்கா, அம்மா தோத்துருச்சு. இனி நீ தாராளமாச் சீக்காளியா இருந்துக்கலாம்."

மூடியிருந்த இமைகளின் இரண்டு ஓரத்திலும் தண்ணீர் வழிந்தது. அவளால் துடைத்துக்கொள்ள முடியவில்லை, நான் துடைத்துவிட்டேன்.